கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி: வடக்கில் தற்கொலைத் தடுப்பும் மனவடுவை அறிந்த பராமரிப்பும்

“சாகவேணும் எண்டு யோசிச்சனீங்களோ?”

இந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்க்கும்படிதான் பயிற்றுநர் கேட்டார். மண்டபத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பிரதேச செயலகங்களில் பணியாற்றும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள், வைத்தியசாலைத் தாதியர், சமூக உளநல உத்தியோகத்தர்கள், இரண்டு உளநல வைத்திய அதிகாரிகள். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் உதவி தேடி வந்தவராகவும் மற்றவர் உதவுபவராகவும் நடிக்க வேண்டும்.

எனக்கு அருகில் இருந்த உத்தியோகத்தருக்குப் பத்து வருடங்களுக்கு மேற்பட்ட அனுபவம். “சாப்பிடுறனீங்களோ, நித்திரை கொள்ளுறனீங்களோ” என்று கேட்டார். “மனம் எப்பிடி இருக்கு” என்று கேட்டார். “வேற ஏதும் பிழையான யோசினை…” என்று தொடங்கி நிறுத்தினார். அந்த வரி மட்டும் வரவில்லை. கடைசியில் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு ஏலாமல் கிடக்கு” என்றார்.

தேநீர் இடைவேளையில் அவரே வந்து பேசினார். 2009இல் முள்ளிவாய்க்காலில், பங்கருக்குள் இருந்தபோது அவருடைய அம்மா சொன்னாராம்: “எல்லாரும் ஒண்டாச் செத்திடுவம்.” அன்றிலிருந்து அந்தச் சொல்லைத் தன் வாயால் சொன்னதில்லை என்றார். அப்படியானால் இந்தப் பத்து வருடங்களில் தன்னிடம் வந்த எத்தனை பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அனுப்பியிருப்பேன் என்று அவரே தன்னிடம் கேட்டுக்கொண்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

மனவடுவை அறிந்த முறையில் தற்கொலையைத் தடுப்பது எப்படி என்று உளநலப் பணியாளர்களுக்குக் கற்பிக்கும் மூன்று நாள் பயிற்சி அது. சுதந்திர ஊடகவியலாளராகச் செய்தி எழுதுவதற்காகத்தான் போனேன். செய்தி எழுதவில்லை. அந்தப் பயிற்சி எதைப் பற்றியது, அது எமக்கு ஏன் தேவை, எங்கே அது போதாமல் போகிறது என்பதை விளக்கமாக எழுதலாம் என்று தோன்றியது. இக்கட்டுரையில் வரும் எவரது பெயரையும் ஊரையும் நான் குறிப்பிடவில்லை. எல்லோரும் தங்கள் வார்த்தைகளைப் பயன்படுத்த அனுமதித்திருக்கிறார்கள்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

1995ஆம் ஆண்டு இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பின்னர் மேலும் குறைந்தது. உலகப் பொதுச் சுகாதார வகுப்புகளில் இலங்கை இன்றும் ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லப்படுகிறது.

அந்த வெற்றிக்கு முதன்மைக் காரணம் உளவளத்துணை அல்ல. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்ததுதான். 1995இலும் 1998இலும் சில இரசாயனங்கள் தடைசெய்யப்பட்டன. 2008 முதல் 2011 வரை இன்னும் மூன்று சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் ஒரு அலையைப் போன்றது. அது உச்சத்துக்கு வரும், பின் தணியும். அந்த உச்ச நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாவிட்டால் பலர் உயிர் தப்புகிறார்கள். தப்பியவர்களில் பெரும்பான்மையானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை.

அதே 1998இல் இன்னொரு மாற்றமும் வந்தது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பிரிவு தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டது. இது எம்மில் பலருக்கு இன்னமும் தெரியாது. பொலிஸுக்குப் பயந்து, முயன்றவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தாமதிக்கும் குடும்பங்கள் இன்றும் இருப்பதாகப் பயிற்சிக்கு வந்திருந்த தாதியர் சொன்னார்கள். முயன்றவருக்குத் தண்டனை கிடையாது. இதை உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஆனால் நாட்டின் சராசரி எண் எமது கதையை முழுமையாகச் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் பல தசாப்தங்கள் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1995இல் இராஜதுரையுடன் இணைந்து வெளியிட்ட ஆய்வில் ஒரு முக்கிய விடயத்தைக் காட்டினார். போர் உக்கிரமாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை வீதம் குறைந்திருந்தது. வேறு நாடுகளின் போர்க்காலங்களிலும் இதே போக்கு பதிவாகியிருக்கிறது. வெளியே பெரும் ஆபத்து நிற்கும்போது மனிதர்கள் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொள்கிறார்கள். ஆபத்து விலகிய பின்னர்தான் தனிமை தொடங்குகிறது. ஷெல் சத்தம் ஓய்ந்த பிறகு, இரவு நீளத் தொடங்குகிறது.

போர் முடிந்து சில மாதங்களில், 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ். மாவட்டத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பொன்றின் முடிவுகள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதமானோரிடமும், பதகளிப்பு 32.6 வீதமானோரிடமும், மனச்சோர்வு 22.2 வீதமானோரிடமும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் இவை முறையே 13, 48.5, 41.8 வீதமாக இருந்தன.

இந்த எண்களை இரண்டு விதமாகவும் வாசிக்க வேண்டும். ஒன்று, துன்பம் பரவலானது. இடம்பெயர்ந்து, வீடு வாசல் இன்றி இருந்தவர்களிடம் அது இரட்டிப்பு. மற்றது, இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பான்மையான மக்கள் நோயாளிகளாகவில்லை. “வன்னிச் சனம் எல்லாம் மனம் பாதிக்கப்பட்ட சனம்” என்று இரக்கத்தோடு சொல்பவர்களும் எமக்கு ஒரு அநீதியைத்தான் செய்கிறார்கள்.

‘மனவடுவை அறிந்த’ என்றால் என்ன?

ஆங்கிலத்தில் இதற்கு இருக்கும் பெயரை அப்படியே தமிழாக்கினால் ஒன்றும் விளங்காது. மனவடு என்ற சொல் எமக்குப் புதிதல்ல. சோமசுந்தரம் 1993இலேயே அந்தப் பெயரில் தமிழில் ஒரு நூல் எழுதினார். உடலில் ஆறிய காயம் விட்டுச் செல்லும் தழும்பைப் போல மனதில் தங்கும் வடு. மனவடுவை அறிந்த பராமரிப்பு என்பது, எம்மிடம் வருபவருக்குள் அப்படியொரு வடு இருக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டு, அதை மீண்டும் கீறாமல் நடந்துகொள்வது. அது ஒரு தனிச் சிகிச்சை முறை அல்ல, எல்லாச் சேவைகளிலும் இருக்க வேண்டிய நடைமுறை.

அமெரிக்க அரசின் உளநலச் சேவைகள் நிர்வாகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி இதை நான்கு செயல்களாகச் சொல்கிறது. மனவடு எவ்வளவு பரவலானது என்பதை உணர்தல். அதன் அறிகுறிகளை அடையாளம் காணுதல். அந்த அறிவுக்கேற்பச் சேவையை மாற்றியமைத்தல். சேவையே புதிய வடுவை ஏற்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுதல். பயிற்றுநர் இதை யாழ்ப்பாணத் தமிழில் சுருக்கினார்: “‘உனக்கு என்ன பிடிச்சது?’ எண்டு கேக்கிறதை விட்டிட்டு, ‘உனக்கு என்ன நடந்தது?’ எண்டு யோசிக்கிறது.”

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? பயிற்சியில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினார்கள். ஒரு சாதாரண கிளினிக் அறையை நினைத்துப் பாருங்கள். கதவு சாத்தப்படுகிறது. மேசைக்கு அப்பால் ஒருவர் இருக்கிறார். முகத்தைப் பாராமல் எழுதுகிறார். பெயர் என்ன, விலாசம் என்ன, முந்தி எங்கே இருந்தீர்கள், எப்போது இடம்பெயர்ந்தீர்கள், வீட்டில் யார் யார், கணவர் எங்கே. உதவுபவருக்கு இது படிவம். தடுப்பிலிருந்து வந்த ஒருவருக்கு, முகாமில் பதிவு செய்யப்பட்ட ஒருவருக்கு, இது விசாரணை. அவருடைய உடம்பு வாய்க்கு முன்னரே பதில் சொல்லத் தொடங்கிவிடும்: வியர்வை, கை நடுக்கம், மௌனம். “ஒத்துழைக்கவில்லை” என்று கோவையில் குறிப்பு எழுதப்படும்.

மாற்றம் சிறியதாக இருக்கலாம். கதவைத் திறந்து வைக்கவா மூடவா என்று அவரிடமே கேட்பது. வாசல் தெரியும்படி அவரை அமரச் செய்வது. “நான் எழுதுறது இந்தக் கோவைக்கு மட்டும்தான், ஆர் பார்ப்பினம் எண்டு சொல்லுறன்” என்று முதலிலேயே சொல்வது. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம் என்பதைத் தெரிவிப்பது. வீட்டுக்கு யார் வந்துபோகிறார்கள் என்று புலனாய்வாளர்கள் கேட்டுத்திரிந்த நிலத்தில், இரகசியம் காப்பது என்பது வெறும் தொழில் ஒழுக்கம் அல்ல. அதுவே சிகிச்சையின் முதல் படி.

தங்கை சொன்னது

நான் இதை வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை. என் சின்னம்மாவின் மகள், எனக்குத் தங்கை முறை, சில வருடங்களுக்கு முன்னர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். தப்பினாள். இன்று உயிரோடு இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். இந்தப் பகுதியை முதலில் வாசித்தவளும் அவள்தான்.

வைத்தியசாலையில் அவளுடைய உடலை நன்றாகப் பார்த்தார்கள். அதற்காக எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் விடுதியில் கண் விழித்தபோது அவள் கேட்ட முதல் வார்த்தை, “அம்மாவை ஒருக்காலும் யோசிக்கேல்லையா நீ?” அடுத்து, எல்லோரும் கேட்கும்படி ஒருவர் வாக்குமூலம் எடுத்தார். மூன்றாம் நாள் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தது. அவள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.

பயிற்சி முடிந்து வந்து அவளிடம் கேட்டேன்: அன்று என்ன நடந்திருந்தால் உனக்கு உதவியாக இருந்திருக்கும்? நான் பெரிதாக ஏதோ எதிர்பார்த்தேன். அவள் சொன்னாள்: “அந்த ஒரு மாசத்தில ஆராவது ஒராள், வீட்டு ஆக்கள் இல்லாமல், போன் எடுத்து ‘எப்பிடி இருக்கிறாய்’ எண்டு கேட்டிருக்கலாம்.”

அவள் அறியாமல் சொன்ன அந்த விடயம் ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் ஒரு ஆய்வு நடத்தியது: பிரேசிலில் கம்பினாஸ், இந்தியாவில் சென்னை, இலங்கையில் கொழும்பு, ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங். தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் இதில் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு, வீட்டுக்குப் போகும்போது ஒரு மணி நேரம் தனியாகப் பேச்சு. பின்னர் 18 மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசி அழைப்பு அல்லது வீட்டுக்கு வருகை. அவ்வளவுதான். 2008இல் முடிவு வெளியானது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 வீதமானோர் அந்தக் காலத்துக்குள் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்பில் வைத்திருந்தவர்களில் 0.2 வீதம்.

ஒன்பது அழைப்புகள். விலை உயர்ந்த மருந்தோ கருவியோ அல்ல.

பயிற்சியில் எதைக் கற்கிறார்கள்?

முதலாவது, நேராகக் கேட்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் உளநலப் பணியாளர்களிடமும் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை. பலருக்கு அது பெரும் ஆறுதலாக இருக்கிறது. எப்படிக் கேட்பது என்பதில்தான் பழக்கம் வேண்டும். “பிழையான யோசினை ஒண்டும் இல்லைத்தானே?” என்று கேட்டால் “இல்லை” என்பதைத் தவிர வேறு பதில் வராது. அந்தக் கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் பதிலும் இருக்கின்றன. “இவ்வளவு கஷ்டத்துக்குள்ள இருக்கிற சில பேருக்குச் சாகவேணும் எண்டு யோசினை வரும். உங்களுக்கும் அப்பிடி வந்ததோ?” என்று கேட்டால் பேச வழி திறக்கும்.

இரண்டாவது, எம்முடைய மொழியில் துன்பம் எப்படிப் பேசுகிறது என்பதைக் கேட்பது. எம்மவர்கள் பெரும்பாலும் “மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலையிடி, உடம்பு எரிவு, நெஞ்சுப் பாரம், கை கால் உளைவு என்று வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்கிறார்கள். குளிசையோடு திரும்பிப் போகிறார்கள். “இருந்து என்ன பிரயோசனம்”, “நான் இல்லாட்டிப் பிள்ளையளுக்கு நிம்மதி”, “கடவுள் இன்னும் எடுக்கிறாரில்லை” என்ற பேச்சுகள் எம் வீடுகளில் சாதாரணமாக ஒலிப்பவை. எல்லாம் ஆபத்தின் அறிகுறி அல்ல. ஆனால் தான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற எண்ணம் அடிக்கடி திரும்ப வருகிறதா, தன் பொருட்களைப் பிரித்துக் கொடுக்கிறாரா, நித்திரை முற்றாகக் குழம்பியிருக்கிறதா, குடி கூடியிருக்கிறதா, நெடுநாள் கலங்கியிருந்தவர் காரணமின்றி அமைதியாகிவிட்டாரா என்று கவனிக்க வேண்டும். நாட்காட்டியும் ஒரு தடயம். மே மாதம், நவம்பர் மாதம், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் பிறந்தநாள்.

மூன்றாவது, தோண்டாமல் இருப்பது. இதுதான் என்னை அதிகம் சுட்டது. நெருக்கடியில் இருப்பவரிடம் நடந்ததை முழுவதும் சொல்லவைத்தால் பாரம் இறங்கும் என்று ஒரு பொதுவான நம்பிக்கை இருக்கிறது. அனர்த்தத்தின் பின் மக்களை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. முதலில் பாதுகாப்பு, பின்னர் நித்திரை, சாப்பாடு, கூட ஒரு ஆள். கதை அவருக்குச் சொல்லத் தோன்றும்போது, அவர் விரும்பும் அளவுக்கு.

ஊடகக் கற்கையில் பட்டம் பெற்று வெளியே வந்த முதல் வருடங்களில், காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாயிடம் நான் நேர்காணல் எடுத்தேன். கடைசியாக மகனைக் கண்ட நாளை விபரமாகச் சொல்லும்படி கேட்டேன். சொன்னார். ஒலிப்பதிவு சரியாக வரவில்லை என்று இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். அன்று இரவு அவர் எப்படி இருந்திருப்பார் என்று நான் யோசித்ததே இல்லை. ஆணைக்குழுக்கள், அலுவலகங்கள், நிறுவனங்கள், எங்களைப் போன்றவர்கள் என்று எத்தனை பேர் அதே கதையை அவரிடம் வாங்கிச் சென்றிருப்போம்!

நான்காவது, பாதுகாப்புத் திட்டம். ஸ்ரான்லி, பிரவுண் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய முறை இது. உதவி தேடி வந்தவரும் உதவுபவரும் சேர்ந்து ஒரே தாளில் ஆறு விடயங்களை எழுதுகிறார்கள். அலை வரப்போகிறது என்பதை எனக்கு எது உணர்த்தும்? அப்போது தனியே நான் என்ன செய்யலாம்? எங்கே போனால், யாரோடு இருந்தால் மனம் திரும்பும்? யாரிடம் வெளிப்படையாக உதவி கேட்கலாம்? எந்தச் சேவையை அழைக்கலாம்? வீட்டில் ஆபத்தானவற்றை எப்படி என்னிடமிருந்து தூரமாக்கலாம்? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஒன்பது வைத்தியசாலைகளில், இந்தத் தாளும் தொடர் தொலைபேசி அழைப்பும் பெற்றவர்களிடம் ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தைகள் 45 வீதம் குறைவாக இருந்ததாக 2018இல் பதிவானது.

பயிற்சியில் இந்தத் தாளை எம்மவர்கள் நிரப்பியபோது அது வேறு முகம் எடுத்தது. “தனியே என்ன செய்யலாம்” என்பதற்கு ஒருவர் “கிணத்தடியில போய் முகம் கழுவுவன், கோயில் மணி கேக்கிற பக்கம் இருப்பன்” என்று எழுதினார். “எங்கே போகலாம்” என்பதற்கு “சங்கக் கடை வாசல்” என்று ஒருவர். அது சரியான பதில். திட்டம் நிரப்புபவருடைய வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்.

ஆறாவது கேள்வியில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பூச்சிகொல்லிகளைப் பூட்டி வைக்கும் பெட்டிகளை வீடுகளுக்குக் கொடுத்தால் போதுமா என்று வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் பரிசோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி அது பலன் தந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பொருளை வீட்டிலிருந்து முற்றாக அகற்றுவதும், அபாயமானதைச் சந்தையிலிருந்தே நீக்குவதும்தான் உறுதியான வழி.

‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லாதீர்கள்

எமது பயிற்சிகளுக்கு வெளிநாட்டுக் கையேடு மட்டும் போதாது என்பதற்குக் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களே சான்று. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தை எல்லோரும் அறிவோம். அந்தக் கொட்டகைகளில் இருந்த பல தாய்மார், தந்தையர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இத்தகைய நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். ஆள் இல்லை, ஆனால் இறந்ததாகவும் இல்லை. திவசம் செய்ய முடியாது. பொட்டு வைப்பதா இல்லையா என்பது தினமும் காலையில் எழும் கேள்வி.

ஒரு உத்தியோகத்தர் தன் அனுபவத்தைச் சொன்னார். சாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு தாயிடம், “இவ்வளவு காலமும் உங்களைப் பிடிச்சு வைச்சிருந்தது என்ன?” என்று கேட்டிருக்கிறார். அந்தத் தாய் சொன்னாராம்: “அவன் வரேக்குள்ள வீட்டில ஆள் வேணுமெல்லே.”

மகன் இறந்துவிட்டான், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்வது அவர் பிடித்திருக்கும் கயிற்றை அறுப்பது. அதேவேளை, வருவான் என்று பொய் நம்பிக்கை கொடுப்பதும் உதவுபவரின் வேலை அல்ல. தெரியாமை என்ற அந்தப் பாரத்தோடு அவர் பக்கத்தில் இருக்கப் பழகுவதுதான் பயிற்சி. அதே நிலையில் உள்ள மற்றத் தாய்மாருடன் இணைந்திருப்பது எந்த ஆலோசனையையும் விட வலுவானது என்று அந்த உத்தியோகத்தர் சொன்னார். போராட்டக் கொட்டகை பலருக்கு அதையும் கொடுத்திருக்கிறது.

உதவுபவர்களும் உயிர் தப்பியவர்களே

முதலில் சொன்ன உத்தியோகத்தரிடம் திரும்பி வருகிறேன். வடக்கில், கிழக்கில் இந்தப் பணியில் இருப்பவர்களில் பலர் அதே பங்கர்களிலும் அதே செட்டிகுளம் முகாம்களிலும் இருந்தவர்கள். அது அவர்களுடைய பலம். யாருக்கும் எதையும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. அதுவே அவர்களுடைய பாரமும். காலையில் ஐந்து பேரின் கதையைக் கேட்டுவிட்டு மாலையில் வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறார்கள். தங்களிடம் வந்த ஒருவர் இறந்துவிட்டால், அந்தக் குற்றவுணர்வை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அடுத்த கோவையைத் திறக்கிறார்கள்.

இதற்குத் தேவையானது மேற்பார்வை. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் பலருக்குப் பிழை பிடிக்க வரும் அதிகாரிதான் நினைவுக்கு வரும். உளவளத்துணையில் மேற்பார்வை என்பது, அனுபவமுள்ள ஒருவரோடு ஒழுங்காக அமர்ந்து, கடினமான சந்திப்புகளைப் பற்றியும் அவை தனக்குள் எழுப்பியவற்றைப் பற்றியும் பேசுவது. எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது என்று பயிற்றுநர் மண்டபத்தில் கேட்டார். நான்கு கைகள் உயர்ந்தன.

சான்றிதழுக்குப் பிறகு

மூன்றாம் நாள் மாலை சான்றிதழ் வழங்கினார்கள். குழுவாகப் படம் எடுத்தோம். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அடுத்த நாள் என்ன?

எம்மிடம் பயிற்சிகளுக்குக் குறைவு இருந்ததில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் எத்தனையோ பயிற்சிகள். 2009க்குப் பிறகு வடக்கில் திட்டங்களுக்கு ஜனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டியிருந்த ஆண்டுகளில், உளசமூகப் பணிக்கு அனுமதி பெறுவது மிகக் கடினமாக இருந்தது. தேவை உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில்தான் கதவு சாத்தப்பட்டது. பிறகு மீண்டும் பயிற்சிகள். நிதி வரும்போது நடக்கும், நிதி முடிய ஓயும். பயிற்சி பெற்றவர் இடமாற்றம் பெற்றுப் போவார். இரகசியமாகப் பேச ஒரு அறை இல்லாத அலுவலகத்துக்கு, ஒன்பது அழைப்புகளுக்குத் தொலைபேசிப் பணம் இல்லாத கிளினிக்குக்குப் பயிற்சி பெற்றவரைத் திருப்பி அனுப்புகிறோம். இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஒரு உளமருத்துவர்கூட இல்லை.

ஆகவே ஒரு பயிற்சியை மதிப்பிட எத்தனை பேர் பங்குபற்றினார்கள் என்று கேட்டுப் பயனில்லை. ஆறு மாதம் கழித்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். தற்கொலைக்கு முயன்று வைத்தியசாலையிலிருந்து வீடு சென்றவர்களில் எத்தனை பேருக்கு முதல் வாரத்தில் அழைப்பு போனது? எத்தனை பேரிடம் பாதுகாப்புத் திட்டத் தாள் இருக்கிறது? பயிற்சி பெற்றவர்களுக்கு மாதம் ஒருமுறையாவது மேற்பார்வை நடக்கிறதா? நிதி கொடுப்பவர்களும் மாகாண சுகாதார அதிகாரிகளும் இவற்றுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நுண்கடன் தவணைக்காக வாசலில் வந்து நிற்பவரை, விடுவிக்கப்படாத காணியை, பதில் சொல்லாத அரசை எந்த உளவளத்துணையாலும் சரிசெய்ய முடியாது. கடன் நெருக்கும் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக் கொடுப்பது அவளை அவமதிப்பது. நல்ல உளவளத்துணையாளர் அவளோடு பிரதேச செயலகத்துக்கும் நடந்து போவார். நீதி தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும் உளநலத்தின் கணக்கிலும் எழுதப்படுகிறது.

நாம் செய்யக்கூடியது

உளநலப் பணியாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. பக்கத்தில் ஒருவர் உடைந்து போயிருப்பதாகத் தோன்றினால், தனியாக அமர்ந்து நேராகக் கேளுங்கள். “ஆம்” என்று சொன்னால் பதறாதீர்கள், ஏசாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். “சொன்னது நல்லது” என்று சொல்லுங்கள். அன்று இரவு அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தானவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள். அடுத்த நாள் கூடவே வைத்தியசாலைக்குப் போங்கள். அடுத்த வாரம் அழையுங்கள். அதற்கடுத்த மாதமும்.

உங்களுக்கே அப்படியான எண்ணம் வருகிறதென்றால், அது உங்கள் பலவீனம் அல்ல. தாங்க முடியாத பாரத்தின் அறிகுறி. அந்த அலை தணியும். தணியும்வரை ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கோ, 1333 என்ற உளவளத்துணை இலக்கத்துக்கோ அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ் சேவை. உங்கள் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நேரடியாகவும் போகலாம்.

பயிற்சியின் கடைசி மணித்தியாலத்தில் மீண்டும் இருவர் இருவராக அமரச் சொன்னார்கள். அந்த உத்தியோகத்தர் இம்முறை பேனையை முதலிலேயே கீழே வைத்தார். எதிரே இருந்தவரைப் பார்த்தார். சிறிது நேரம் எடுத்தது. பிறகு மெதுவாக, ஆனால் தெளிவாகக் கேட்டார்:

“சாகவேணும் எண்டு யோசிச்சனீங்களோ அக்கா? சொல்லுங்கோ. நான் இருக்கிறன்.”